வெயிலைத் தடுக்காத வீடு வீடாகுமா?

சித்திரை மாதத்து இரவில் நமது தொழிலாளர் தெரு ஒன்றுக்குள் நடந்து பாருங்கள். மன்னார்குடிப் பக்கமானாலும் சரி, திருத்துறைப்பூண்டிப் பக்கமானாலும் சரி, காட்சி ஒன்றுதான். மணி பத்துக்கு மேல் ஆகியிருக்கும். வீடுகளுக்குள்ளே ஆள் இருக்காது. வாசலில் பாய் கிடக்கும். சாலை ஓரத்தில் கயிற்றுக் கட்டில் கிடக்கும். மதகுக் கட்டையின் மேல் துண்டை விரித்து ஒருவர் படுத்திருப்பார். உளுந்தும் பயறும் எடுத்தாகிவிட்டது. மேட்டூர் அணை மூடிக் கிடக்கிறது. வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பாம்புக்கும் தேளுக்கும் பயந்தபடி, குழந்தைக்கு விசிறிக்கொண்டு தாய் விழித்திருக்கிறாள். பொழுது விடிந்தால் அவள் வேலைக்குப் போக வேண்டும்.

வீடு இல்லாததால் இவர்கள் வெளியே படுக்கவில்லை. வீடு இருக்கிறது. தளம் போட்ட வீடு. சர்க்கார் திட்டத்தில் கட்டிய வீடு. உள்ளே மின்விசிறியும் சுற்றுகிறது. ஆனால் அந்த விசிறி தளத்தின் சூட்டைத்தான் கீழே தள்ளுகிறது. பகலெல்லாம் வயலில் வெயிலைச் சுமந்தவர்கள், இரவில் அதே வெயிலை வீட்டுக்குள் சந்திக்க வேண்டியிருக்கிறது.

உழைப்பவருக்கு வீடு எதற்கு? செலவான பலத்தை மறுபடியும் தேடிக்கொள்வதற்கு. அதற்குச் சோறு எவ்வளவு அவசியமோ, தூக்கமும் அவ்வளவு அவசியம். தூங்க முடியாத வீடு கூலியில் ஒரு பங்கைத் திருடிக்கொள்கிற வீடு. ஆகவே, வீட்டுக்கு வெப்பத் தடுப்பு என்ற விஷயம் வசதி படைத்தவர்களின் ஆடம்பரம் என்று நாம் ஒதுக்கிவிடக் கூடாது. அது நமது விஷயம்.

கூரை வீட்டின் கதை

தளத்தைக் குறை சொன்னவுடன் சிலர், “அந்தக் காலத்துக் கூரை வீடு எவ்வளவு குளுமை! அதை விட்டதுதான் தப்பு” என்று பெருமூச்சு விடுகிறார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. மறு பாதியை அவர்கள் மறைக்கிறார்கள்.

உண்மையை முதலில் பார்ப்போம். கீற்றும் வைக்கோலும் வேய்ந்த கூரை குளுமையாக இருப்பதற்குக் காரணம் அதற்குள் சிறைப்பட்டு நிற்கும் காற்று. வைக்கோல் தாள் ஒவ்வொன்றும் ஒரு குழல். தாளுக்கும் தாளுக்கும் இடையிலும் காற்று. அசையாமல் நிற்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. கம்பளிக்குள் குளிர் நுழையாததும் இதே காரணத்தால்தான். ஒரே தடிமனுள்ள வைக்கோலையும் கான்க்ரீட்டையும் ஒப்பிட்டால், கான்க்ரீட் ஏறத்தாழ இருபது மடங்கு வெப்பத்தைக் கடத்தும். போதாததற்குக் கூரையின் மேல் சுரைக்கொடியும் பூசணிக்கொடியும் படர்ந்து நிழல் தந்தன. உள்ளே ஏறிய சூடு கீற்று இடுக்குகள் வழியாக வெளியேறியது.

இனி மறைக்கப்படும் பாதி. பண்ணையாள் விரும்பியா கூரை வீட்டில் இருந்தான்? அவன் குடியிருந்த மனையே மிராசுதாருடையது. இன்றைக்கு இரு என்றால் இருக்க வேண்டும். நாளைக்கு எழுந்து போ என்றால் போக வேண்டும். அப்படிப்பட்ட மண்ணில் செங்கல் வைத்துக் கட்ட யாருக்குத் துணிவு வரும்? குடியிருப்பு மனை குடியிருந்தவருக்கே சொந்தம் என்ற சட்டம் 1971-ல்தான் வந்தது. அந்தச் சட்டம் வருவதற்கு முன்னால் தஞ்சை ஜில்லா எவ்வளவு விலை கொடுத்தது என்பது நமக்குத் தெரியும்.

1968 டிசம்பர் 25 இரவு. கீழவெண்மணி. கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் தெருவைக் கும்பல் தாக்கியது. பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் உயிர் தப்ப ஒரு சிறு குடிசைக்குள் ஒதுங்கினார்கள். அந்தக் குடிசைக்குத் தீ வைக்கப்பட்டது. 44 உயிர்கள் கருகின. கூரை எவ்வளவு குளுமை என்று பேசுகிறவர்கள், அது எவ்வளவு வேகமாக எரியும் என்பதையும் சொல்லட்டும்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையலறைத் தீ கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகளைப் பலி கொண்டது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது, கூரை வீடுகள் மட்டை மட்டையாகப் பிய்ந்து பறந்தன. கீற்றுக் கொடுக்கும் தென்னை மரங்களும் வேரோடு சாய்ந்தன. இன்று நல்ல வைக்கோலும் கிடைப்பதில்லை. குட்டை ரக நெல்லின் தாள் நீளம் போதாது. அறுவடை இயந்திரம் கசக்கித் துப்பும் வைக்கோல் வேய்வதற்கு ஆகாது.

ஆகவே கூரைக்குத் திரும்புவோம் என்ற பேச்சுக்கு நம்மிடம் இடமில்லை. கூரை செய்த நல்ல வேலையை எரியாத பொருளைக் கொண்டு செய்ய வைப்பது எப்படி? இதுதான் கேள்வி.

தளம் ஏன் கொதிக்கிறது?

குடிசைகளைக் கான்க்ரீட் வீடுகளாக மாற்றும் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் 2010-ல் வந்தது. ஆட்சி மாறியதும் 2011-ல் 300 சதுர அடிப் பசுமை வீடு வந்தது. 2024-ல் 360 சதுர அடியில் கலைஞரின் கனவு இல்லம் வந்தது; அதில் 300 சதுர அடி கான்க்ரீட் தளம், வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. குடிசையிலிருந்து மீண்டது பெரிய முன்னேற்றம். அதை நாம் குறைத்துப் பேசவில்லை. தீயிலிருந்தும் புயலிலிருந்தும் இந்தத் தளம் காக்கிறது. வெயிலிலிருந்துதான் காக்கவில்லை.

நமது ஊர் பூமியில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் நடுப்பகல் சூரியன் தஞ்சைக்கு நேர் உச்சியில் நிற்கிறது. ஆகஸ்டு பிற்பகுதியில் மறுபடியும் அப்படி நிற்கிறது. அந்த நாட்களில் சுவரில் விழும் வெயில் குறைவு. தளத்தில் விழும் வெயில்தான் அதிகம். உச்சி வேளையில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1,000 வாட் வெயில் விழும். 300 சதுர அடி என்பது சுமார் 28 சதுர மீட்டர். அதாவது, ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் இருபத்தெட்டை உங்கள் வீட்டுத் தளத்தின் மேல் கவிழ்த்து வைத்தது போல. பழைய சிமெண்டுத் தளம் கறுத்துப் போயிருக்கும். அது இந்த வெயிலில் பெரும் பகுதியை விழுங்கிவிடும்.

விழுங்கிய சூடு உடனே உள்ளே வருவதில்லை. நாலைந்து அங்குலக் கான்க்ரீட்டைக் கடந்து வரச் சில மணி நேரம் ஆகும். நண்பகலில் ஏறிய சூடு சாயங்காலம் உள்பக்கம் இறங்குகிறது. இரவு வெகு நேரம் வரை கொட்டிக்கொண்டே இருக்கிறது. அடுப்பை அணைத்த பின்னும் தோசைக்கல் சுடுவது போலத்தான். வெளியே காற்று குளிர்ந்த பிறகும் உள்ளே புழுங்குவதன் ரகசியம் இதுதான்.

அரிசி மில்லிலும் நூற்பு ஆலையிலும் இரவு ஷிப்டு பார்க்கும் தோழர்களின் பாடு இன்னும் மோசம். காலையில் வீடு திரும்பி, ஊரெல்லாம் உச்சி வெயிலில் காயும் நேரத்தில்தான் அவர்கள் தூங்கியாக வேண்டும். தூக்கம் கெட்ட கண்ணோடு இரவில் இயந்திரத்தின் முன் நிற்கும்போது விரல் போனால், ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று எழுதுவார்கள். அவன் வீட்டுத் தளத்தை யார் எழுதப் போகிறார்கள்?

தகரமும் கல்நாரும்

தளம் போடப் பணம் இல்லாதவர்கள் தகரம் போடுகிறார்கள், அல்லது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போடுகிறார்கள். தகரம் வெயில் ஏறிய உடனே காயும். இரவில் சீக்கிரம் ஆறும். பகலில் அதன் கீழ் இருப்பது உலையின் கீழ் இருப்பது. ஷீட்டும் மெல்லியதுதான்; வெப்பத்தைத் தடுக்கும் பலம் அதற்கு இல்லை.

ஆஸ்பெஸ்டாஸ் என்பது கல்நார். கல்நாரின் தூசி மூச்சில் போனால் நுரையீரலில் தங்கிவிடும். இருபது, முப்பது வருஷம் கழித்துக் கூடப் புற்றுநோயாக வெளிப்படும். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. ஐரோப்பிய யூனியன் 2005 முதல் தடை செய்துவிட்டது. ஒரு காலத்தில் உலகத்துக்கே கல்நார் வெட்டி விற்ற கனடா, 2018-ல் தடை விதித்தது. நமது கடைகளில் மட்டும் ஷீட் அடுக்கி வைத்திருக்கிறார்கள். புதிதாகக் கூரை போடுகிறவர்கள் அதை வாங்க வேண்டாம். ஏற்கெனவே போட்டிருந்தால் அதை அறுக்காதீர்கள், துளை போடாதீர்கள், கம்பிப் பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள். உடைந்த துண்டுகளைக் குழந்தைகள் விளையாடும் இடத்தில் போடாதீர்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

வெயில் மேலிருந்து வருகிறது என்றால், தடுப்பும் மேலேதான் முதலில் வேண்டும். கையிலிருக்கும் பணம் குறைவாக இருந்தால் அதைச் சுவரில் கொட்ட வேண்டாம், தளத்துக்குச் செலவிடுங்கள். சூடு தளத்துக்குள் ஏறுவதற்கு முன் தடுப்பது சுலபம். ஏறிய சூட்டை உள்ளேயிருந்து விரட்டுவது கஷ்டம்.

முதல் படி, தளத்தை வெளுப்பது. கறுத்த தளம் வெயிலை விழுங்கும். வெளுத்த தளம் அதில் பெரும் பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். தளத்தைக் கழுவி, பாசியைச் சுரண்டி, நீற்றிய சுண்ணாம்பை வடிகட்டி, சிறிது வெள்ளைச் சிமெண்டும் பசையும் சேர்த்து இரண்டு மூன்று பூச்சு பூசலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழை இதைக் கரைத்துவிடும். ஆகவே தை, மாசியில் வருஷா வருஷம் பூச வேண்டும். சுண்ணாம்புத் தண்ணீர் கண்ணில் பட்டால் ஆபத்து. குழந்தைகளை விலக்கி வையுங்கள். கடையில் விற்கும் வெப்பத் தடுப்புப் பெயிண்டும் இதே வேலையைத்தான் செய்கிறது. அது கூடுதல் காலம் நிற்கும். கூடுதல் காசும் கேட்கும். தகரத்துக்கும் வெள்ளை பெயிண்டு பயன் தரும்.

இரண்டாவது படி, தளத்தின் மேல் தளம். செங்கல் ஜல்லியையும் நீற்றிய சுண்ணாம்பையும் கலந்து மூன்று அங்குலம் பரப்பி, கட்டையால் அடித்து இறுக்கி, அதன் மேல் தட்டோடு பதிப்பது நமது கொத்தனார்களுக்கும் சித்தாள்களுக்கும் தெரிந்த பழைய வேலை. செங்கல் ஜல்லிக்குள் நுண்ணிய துளைகள் உண்டு. அங்கேயும் காற்று சிறைப்பட்டிருக்கிறது. மழைத் தண்ணீர் வடியச் சரிவும் கிடைக்கும், ஒழுகலும் நிற்கும். சில இடங்களில் மண் குடுவைகளைத் தளத்தில் வரிசையாகக் கவிழ்த்து, சுண்ணாம்புக் காரையால் மூடுகிறார்கள். அதுவும் காற்றை அடைத்து வைக்கும் தந்திரம்தான். ஒரு எச்சரிக்கை: இந்த மேல்தளம் ஒரு சதுர மீட்டருக்கு நூறு கிலோவுக்கு மேல் கனம் ஏற்றும். கம்பி துருப்பிடித்து, சிமெண்டு பெயர்ந்து விழும் பழைய தொகுப்பு வீடுகளில் இதைச் செய்யக் கூடாது. அங்கே முதலில் தளத்தைப் பழுது பார்க்க வேண்டும்.

மூன்றாவது, புது வீடு கட்டும்போதே செய்வது. இங்கிலாந்தில் 1917-ல் பிறந்து, கேரளத்தில் தங்கி, 2007-ல் மறைந்த லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர், ஏழைகளுக்கான வீடுகளில் தளத்துக்குள் ஓடுகளை வைத்துக் கான்க்ரீட் போடும் முறையைப் பரப்பினார். தளத்தின் கீழ்ப்பாகத்தில் இழுவையைத் தாங்குவது கம்பிதான். அங்கே உள்ள கான்க்ரீட்டுக்கு வேலை அதிகம் இல்லை. அந்த இடத்தில் கம்பிகளுக்கு நடுவே இரண்டு ஓடுகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால், சிமெண்டும் மிச்சம். ஓடுகளுக்கு இடையில் உள்ள காற்று வெப்பத்தையும் தடுக்கும். கம்பிக் கணக்குத் தெரிந்தவரின் மேற்பார்வையில் இதைச் செய்ய வேண்டும்.

நான்காவது, ஏமாறாமல் இருப்பது. தெர்மாகோல் பலகைகளை உள்ளே அடித்துத் தருகிறோம் என்று வருகிறார்கள். தெர்மாகோல் வெப்பத்தைத் தடுக்கும். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அது தீப்பிடித்தால் உருகி ஒழுகும், விஷப் புகை கக்கும். அடுப்பும் படுக்கையும் ஒரே அறையில் இருக்கும் வீட்டில் அதைத் திறந்தபடி அடிப்பது, கீற்றை இறக்கிவிட்டுக் கீற்றை விட மோசமானதை ஏற்றுவதாகும். வெண்மணியின் பிள்ளைகள் நாம். தலைக்கு மேல் எரியும் பொருளை வைக்கும் யோசனைக்கு இணங்கக் கூடாது. தகர வீட்டுக்குக் கீழே அடிக்கத் தீப்பிடிக்காத பாறைக் கம்பளி இருக்கிறது. அதற்கு வழி இல்லையென்றால், வாசலில் குழி போட்டு நட்ட சுரையையோ பீர்க்கையோ கூரைக்கு மேல் இடைவெளி விட்டு நிற்கும் பந்தலில் ஏற்றுங்கள். நிழலை விட மலிவான தடுப்பு வேறு இல்லை.

கடைசியாக ஒன்று. வெப்பத் தடுப்பு வீட்டைக் குளிர வைப்பதில்லை. வரும் சூட்டைத் தடுக்கிறது, அவ்வளவுதான். அடுப்புச் சூடும், ஆட்களின் உடல் சூடும் வெளியேற வழி வேண்டும். எதிரெதிராக இரண்டு ஜன்னல்களும், தளத்தை ஒட்டிச் சுவரில் காற்றுத் துளைகளும் இல்லாவிட்டால், தடுப்பே சூட்டை உள்ளே பூட்டி வைத்துவிடும். கொசுவுக்குப் பயந்து ஜன்னலை அடைக்கிறோம். ஜன்னலுக்குக் கம்பி வலையும் வீட்டின் பாகம்தான் என்று கேட்போம்.

யார் செலவு?

இதையெல்லாம் கூலி வாங்கித் தின்கிறவர்கள் தங்கள் கைக்காசில் செய்துகொள்ள வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. சுண்ணாம்பு பூசுவதை நாமே சேர்ந்து செய்யலாம். தெருவுக்குத் தெரு முறை வைத்துச் செய்யலாம். மற்றவை சர்க்கார் செய்ய வேண்டியவை.

“இருக்கிற பணத்தில் எத்தனை வீடு கட்ட முடியுமோ அத்தனை கட்டுவோம். குளுமையெல்லாம் பிறகு பார்க்கலாம்” என்று அதிகாரிகள் வாதிடலாம். வீடில்லாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அது மெய். ஆனால் ஒரு கேள்வி. பொதுப்பணித் துறை தனது கட்டடங்களுக்குத் தளம் போடும்போது, செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பும் தட்டோடும் பதிப்பது பல காலமாக வழக்கத்தில் உள்ளதுதானே? கோப்புகள் தூங்கும் கட்டடத்துக்கு அது அவசியம். மனிதர்கள் தூங்கும் வீட்டுக்கு ஆடம்பரமா? மிராசுதார் வீட்டைப் பாருங்கள். கனத்த சுவர், அடுக்கடுக்காக நாட்டு ஓடு, நடுவில் முற்றம், வாசலில் திண்ணை. வெயிலைத் தடுக்கும் வித்தை தஞ்சைக்குத் தெரியாததல்ல. வயலில் நின்றவனுக்கு மட்டும் அது கிடைக்கவில்லை.

வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று தமிழ்நாடு சர்க்கார் 2024-ல் அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் என்றது. அறிவிப்பை வரவேற்கிறோம். ஆனால் செத்த பிறகு நான்கு லட்சம் கொடுப்பதை விட, சாகாமல் இருக்கத் தளத்தின் மேல் மூன்று அங்குலம் போடுவது மலிவு. தெலங்கானா 2023-ல் குளிர் கூரைக் கொள்கை ஒன்றை வெளியிட்டுச் சர்க்கார் கட்டடங்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. சிறு வீடுகளுக்கு அவரவர் விருப்பம் என்று விட்டுவிட்டது. நமக்கு வேண்டியது அதன் மறு பாதி. சிறு வீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தோழர்களே! அடுத்த கிராம சபையில் இந்தக் கோரிக்கைகளை எழுதிக் கொடுங்கள். சர்க்கார் வீட்டுத் திட்டங்களில் தளத்தின் மேல் வெப்பத் தடுப்பும் மதிப்பீட்டில் சேர வேண்டும். அதற்கான தொகை தனியாகக் கூட வேண்டும். கட்டி முடித்த காலனிகளின் தளங்களைப் பார்வையிட்டு, பழுது பார்த்து, வெளுத்துத் தர வேண்டும். கல்நார் ஷீட் போட்ட வீடுகளுக்கு மாற்றுக் கூரை வேண்டும். ஆலைத் தோழர்கள், பட்டறைக் கூரைக்கும் குடியிருப்புக் கூரைக்கும் வெப்பத் தடுப்பைத் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் ஏற்றுங்கள்.

மனைக்காகப் போராடினோம், மனை கிடைத்தது. எரியாத வீட்டுக்காக ஏங்கினோம், தளம் கிடைத்தது. இந்தத் தெருவின் தாய் தன் குழந்தையோடு பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய், சித்திரை இரவிலும் கதவருகே நிம்மதியாகத் தூங்கும் நாளில்தான், அந்தத் தளம் வீடாகும்.